சுளகும் அம்மியும் சொக்லேட்டும்

பாடசாலை விடுமுறை வந்தால் பிள்ளைகளை எதில் ஈடுபடுத்துவது என்று வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் பெற்றோர் யோசிக்கத் தொடங்குகிறார்கள். வீட்டில் சொக்லேட் செய்வது அவர்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று. கடையில் வாங்கிய கட்டியைச் சுடுநீருக்கு மேல் உருக்கி, அச்சில் ஊற்றி, பிரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் சொக்லேட் எதிலிருந்து வருகிறது என்ற கேள்வி அந்தக் குசினியில் எழுவதேயில்லை. கொட்டையிலிருந்து தொடங்கினால்தான் இந்த விளையாட்டு ஒரு பாடமாகும். அதற்கான மரமோ கொழும்பிலிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்தில் நிற்கிறது.

மாத்தளை, கண்டி, குருநாகல் மாவட்டங்களில் பெரிய மரங்களின் நிழலில் வளர்வது கொக்கோ. மாத்தளை வாசனைத் தோட்டங்களுக்குப் போகும் பிள்ளைகள் அதன் காய் தொங்கும் இடத்தைக் கண்டுதான் முதலில் வியக்கிறார்கள். பலாவைப் போல அடிமரத்திலேயே பூத்துக் காய்க்கிறது. பூ மிகச் சிறியது. அதில் மகரந்தச் சேர்க்கை செய்வதும் கண்ணுக்கு எளிதில் படாத ஒரு குட்டி ஈ. பழுத்த காயை உடைத்தால் வெள்ளைச் சதை போர்த்த 30, 40 கொட்டைகள் இருக்கும். சதை இனிப்பும் புளிப்புமாக இருக்கும், கொட்டை கசக்கும். சொக்லேட் மணம் இரண்டிலும் இராது.

அந்த மணம் பிறப்பது நொதித்தலில். கொட்டைகளைச் சதையோடு குவித்து மூடி ஐந்தாறு நாள் விடுகிறார்கள். மதுவம் சதையிலுள்ள வெல்லத்தை மதுசாரமாக்க, பற்றீரியா அதை அமிலமாக்க, குவியல் 45 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறுகிறது. முளைக்கும் உயிர் அடங்கி, மணத்துக்கான பொருட்கள் கொட்டைக்குள் உருவாகத் தொடங்குகின்றன. பிறகு வெயிலில் காய வைக்கிறார்கள்.

இந்த மரத்துக்குப் பின்னால் நம் நாட்டு வரலாறும் உண்டு. 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. கோப்பி அழிய அழியத் துரைமார் மாற்றுப் பயிர் தேடினர். மலைநாட்டைத் தேயிலை பிடித்துக்கொண்டது; தும்பறையிலும் மாத்தளையிலும் கொக்கோ பரவியது. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துவந்தவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழர் இந்தத் தோட்டங்களிலும் உழைத்தார்கள். பின்னாளில் உபாலி விஜேவர்தனவின் கண்டோஸ் சொக்லேட் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது. இன்று கொக்கோ ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள பயிர்களில் ஒன்று. மாத்தளையில் தன் தாத்தாவோ பூட்டனோ உழைத்த கதையைக் கேட்டு வளரும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு, இது வெளிநாட்டுத் தின்பண்டத்தின் கதையாக மட்டும் இருக்காது.

இனிக் குசினி. கால் கிலோ காய்ந்த கொட்டை போதும். மண்சட்டியில் மெல்லிய நெருப்பில், கிளறக் கிளற வறுத்தால் 20, 25 நிமிடத்தில் கொட்டை வெடிக்கும் ஓசை கேட்கும். வீடு முழுக்க மணக்கும். ஆறியதும் நசுக்கித் தோலைக் கழற்ற வேண்டும். இங்கேதான் சுளகு வேண்டியிருக்கிறது. புடைத்தால் தோல் பறந்துபோகும், பருப்பு தங்கும். பெரிய தொழிற்சாலைகளில் இயந்திரமும் காற்றை வைத்து இதைத்தான் செய்கிறது. சுளகு பிடிக்கத் தெரிந்த அம்மம்மா வீட்டில் இருந்தால் அன்றைக்கு அவர்தான் ஆசிரியர்.

அடுத்தது அம்மி. மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் கொக்கோ அரைத்தது கல்லின் மீது குழவியை உருட்டித்தான். அங்கே இன்றும் சில ஊர்களில் அந்தக் கல்லின் அடியில் தணல் வைத்துச் சூடாக்கி அரைக்கிறார்கள். கொக்கோப் பருப்பின் நிறையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. சூட்டில் அது உருகுவதால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே தூள் களியாகி, களி கூழாகிறது. இந்த மாற்றத்தைக் கண்ணால் காணும் பிள்ளைக்குத் திண்மம், திரவம் பற்றித் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. தண்ணீர்தான் இங்கே பகை. உருகிய சொக்லேட்டில் சில துளி விழுந்தாலே சீனி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு முழுவதும் கட்டிபட்டுப்போகும்.

அம்மி இல்லாத தொடர்மாடிகளில் இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர் இருக்கும். அதற்கும் சொக்லேட்டுக்கும் பெரிய உறவு உண்டு. கோயம்புத்தூரில் பிறந்த அந்தக் கல் கிரைண்டரின் மேசைவடிவத்தை, 2000களில் அமெரிக்காவின் ஜோன் நான்சி வீட்டுச் சொக்லேட் செய்வோருக்கு அறிமுகப்படுத்தினார். இன்று உலகின் பல சிறு சொக்லேட் பட்டறைகளில் ஓடுவது அதே வகைக் கல்தான். ஒருநாள், இரண்டுநாள் இடைவிடாமல் அரைத்துத்தான் நாக்கில் நறநறப்பில்லாத பதத்தை எடுக்கிறார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். கரகரப்பான கூழில் சீனியும் சுடுபாலும் சேர்த்து, விரும்பினால் துளி மிளகாய்த்தூளும் இட்டுக் குடித்தால் அதுவே பழைய சொக்லேட். சொக்லேட் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பானமாகத்தான் இருந்துவந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிரை நிறுவனம் கடித்துத் தின்னும் கட்டியை வார்த்தது 1847இல்தான்.

கட்டியாக வார்ப்பதுதான் கொழும்பில் கடினம். கொக்கோக் கொழுப்பு ஆறு விதமாகப் பளிங்காகும். அவற்றில் ஒன்றுதான் பளபளப்பும் "டக்" என்று உடையும் தன்மையும் தரும். அது உருகுவது 34 பாகை அளவில், உடற்சூட்டுக்குச் சற்றே கீழே. அதனால்தான் வாயில் கரைகிறது. அந்தப் பளிங்கைப் பெற, கறுப்புச் சொக்லேட்டை 45 பாகைக்கு மேல் உருக்கி, 27 வரை ஆறவிட்டு, மீண்டும் 31, 32க்குக் கொண்டுவர வேண்டும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் அறையே பல நாட்களில் 30 பாகையில் இருக்கும்போது 27க்கு எப்படி இறக்குவது? பிள்ளைகள் வெப்பமானியும் குறிப்புப் புத்தகமுமாக யோசிக்க வேண்டிய நல்ல கணக்கு இது. பாதியை இப்படிப் பதப்படுத்தியும் மீதியைச் சும்மா உருக்கியும் வார்த்து ஒரு வாரம் வைத்துப் பார்த்தால், இரண்டாவதில் சாம்பல் பூத்திருப்பதைக் காணலாம். அது பூஞ்சணம் அல்ல, மேலே வந்து படிந்த கொழுப்பு. கடைச் சமையல் கட்டிகள் பலவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் கொக்கோக் கொழுப்புக்குப் பதிலாகப் எண்ணெய்ப்பனை விதையின் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு இருக்கிறது. உறையிலுள்ள சேர்மானங்களைப் பிள்ளைகளே வாசித்துக் கண்டுபிடிக்கட்டும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்க வேண்டாம். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரு நாடுகளில் விளைகிறது. அவற்றின் கொக்கோப் பகுதிகளில் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் கொக்கோ வேலையில் ஈடுபட்டிருந்ததாக 2020இல் வெளிவந்த சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பிட்டது. கத்தியால் காய் உடைப்பவர்களில் தன் வயதுப் பிள்ளைகளும் உண்டு என்பதை, ஒரு காயைத் தானே உடைத்துப் பார்த்த பத்து வயதுப் பிள்ளை எந்தப் பாடப்புத்தகத்தையும் விடத் தெளிவாகப் புரிந்துகொள்ளும்.

அடுத்த விடுமுறையில் மாத்தளை, கண்டிப் பக்கம் போகிறவர்கள் நொதிக்க வைத்துக் காயவைத்த கொட்டைதானா என்று கேட்டுக் கொஞ்சம் வாங்கி வாருங்கள். நெருப்பும் கத்தியும் பெரியவர் கையில் இருக்கட்டும். நசுக்குவது, புடைப்பது, அரைப்பது, வெப்பநிலை குறிப்பது எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் விடுங்கள். அவசரப்பட்டு அச்சைத் தேடாமல், முதல் தடவை பானமாகவே குடித்துப் பாருங்கள்.