நடுங்கி நடுங்கிச் சூடேற்றும் மலைப்பாம்பு அம்மா!

2022-ம் ஆண்டு, கேரள மாநிலம் காசர்கோடு. தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலப்படுத்தும் வேலை ஓரிடத்தில் மட்டும் அப்படியே நிறுத்தப்பட்டது. காரணம், வளைக்குள் முட்டைகளைச் சுற்றிப் படுத்திருந்த ஒரு மலைப்பாம்பு! முட்டைகளை அள்ளி இன்குபேட்டரில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாமே... ஏன் காத்திருந்தார்கள்?

பாம்பு குளிர் ரத்தப் பிராணி என்றுதானே படித்திருக்கிறோம்? ஆனால், 1841-ல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்தில் அடைகாத்த மலைப்பாம்பின் உடல், சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை வாலென்சியன் என்ற விஞ்ஞானி அளந்து சொன்னார். 1966-ல் நியூயார்க்கில் இந்திய மலைப்பாம்பை வைத்து நடந்த ஆய்வு, அந்தச் சூட்டின் ரகசியத்தை உறுதிசெய்தது. தசைகளை விட்டுவிட்டுச் சுண்டி, உடம்பை நடுக்கி வெப்பம் உண்டாக்குகிறது தாய்ப்பாம்பு. குளிர் கூடினால் நடுக்கமும் கூடும்!

எல்லா மலைப்பாம்புகளும் இப்படி நடுங்குவதில்லை. ஆப்பிரிக்காவின் 'பால் பைத்தான்' சுருண்டு மூடுவது, முக்கியமாக முட்டையின் ஈரம் காயாமல் காக்கத்தான்.

இதே வேலையைத்தான் இன்குபேட்டர் மின்சாரத்தில் செய்கிறது. ஈரமான வெர்மிகுலைட் நிரப்பிய பெட்டி, தெர்மோஸ்டாட், சுமார் 31-32 டிகிரி செல்சியஸ் வெப்பம், நல்ல ஈரப்பதம். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குட்டிகள் வெளிவரும். கோழி முட்டை மாதிரி இதைத் திருப்பிவிடக் கூடாது. திருப்பினால் உள்ளே வளரும் கரு இறந்துபோகலாம். அதனால், எடுக்கும்போதே மேல்பக்கத்தில் பென்சிலால் அடையாளம் போட்டுவிடுவார்கள்.

அப்படியானால் எது நல்லது? அடைகாக்கும் தாய் பெரும்பாலும் எதுவும் சாப்பிடாது, உடல் இளைத்துப்போகும். முட்டைகளை எடுத்துவிட்டால் சீக்கிரம் இரை எடுத்துத் தேறிவிடும். கெட்டுப்போன முட்டையையும் உடனே கண்டுபிடிக்கலாம். பாம்புப் பண்ணைகள் இன்குபேட்டரை விரும்புவது இதனால்தான். ஆனால், கரன்ட் போனாலோ, தெர்மோஸ்டாட் பழுதானாலோ மொத்த முட்டைகளும் வீண். தாய்க்கு அந்தக் கவலை இல்லை. குளிர்ந்தால் அதுவே கூடுதலாக நடுங்கிக்கொள்ளும்.

காட்டிலும் மேட்டிலும் இடும் முட்டைக்குத் தாயைவிட நல்ல இன்குபேட்டர் ஏது? காசர்கோட்டில் 54 நாள்கள் பொறுத்திருந்தார்கள். முட்டைகள் விரியத் தொடங்கிய பிறகே, பாம்பு மீட்பாளர் அவற்றை எடுத்துப் பாதுகாத்தார். 24 முட்டைகளும் பொரிந்தன. சாலை வேலையும் தொடர்ந்தது!

ஒரு விஷயம்... நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது, 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முட்டைகளைக் கண்டால் தொடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில்தான் இருப்பாள்!