பெட்ரோல் பைப்பை மூடிவிட்டுப் படுப்போம்!

தோட்டத்து வீடுகளில் மோட்டார் சைக்கிள் வெளியே தூங்குவதில்லை. பொழுது சாய்ந்ததும் அஞ்சடியில் ஏற்றி, வாசலில் ஒரு பலகையைச் சாய்த்து, நேராகக் கூடத்துக்குள்ளேயே தள்ளி நிறுத்திவிடுகிறோம். திருட்டுப் பயம் ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். பாடுபட்டுச் சேர்த்த காசில் வாங்கிய பொருள். அதை வெளியே விட யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் மோட்டாரை உள்ளே தள்ளும்போது மூன்று, நான்கு லிட்டர் பெட்ரோலையும் கூடவே தள்ளிக்கொண்டு வருகிறோம். பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கும் கூடத்துக்குள் அது வருகிறது. சாமி விளக்கு எரியும் வீட்டுக்குள் வருகிறது. சாவியை மட்டும் மறக்காமல் எடுத்து ஆணியில் மாட்டுகிறோம். “பெட்ரோல் பைப்பை மூடினீங்களா?” என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் தயங்காமல் “ஆமாம்” என்று சொல்வோம்?

இந்த வாரம் அந்தச் சின்னப் பைப்பைப் பற்றித்தான் பேசப்போகிறோம். புது வண்டிகள் பலவற்றில் இது கிடையாது. அவற்றில் பெட்ரோலைப் பம்பு தள்ளுகிறது. நாம் பேசுவது கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளை. தாத்தா ஓட்டி, அப்பா ஓட்டி, இன்று பேரன் துடைத்து வைத்திருக்கும் கப்சாய் நம் தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஹோண்டா கப் வண்டி ஜப்பானில் வெளிவந்தது 1958-இல். அதே காலத்தில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டு வந்தார். 2017-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சேர்த்து 10 கோடி கப் வண்டிகள் செய்து முடிக்கப்பட்டன. அவ்வளவு கெட்டியான வண்டி. ஆனாலும் அதிலுள்ள ரப்பர் வாஷர் கெட்டியல்ல. அதற்கும் வயதாகும்.

ஆன், ஓஃப், ரிசர்வ்

பைப்பின் கைப்பிடிக்கு மூன்று நிலை உண்டு. ‘ஆன்’ என்றால் பெட்ரோல் இறங்கும். ‘ஓஃப்’ என்றால் நிற்கும். ‘ரிசர்வ்’ என்றால் கடைசிச் சேமிப்பிலிருந்து இறங்கும்.

ரிசர்வ் என்பது தனி டாங்கி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. டாங்கி ஒன்றுதான். அதற்குள் இரண்டு வாய் இருக்கின்றன. ஒன்று குச்சி மாதிரி உயரமாக நிற்கும் குழாயின் வாய். மற்றொன்று டாங்கியின் அடியை ஒட்டிய வாய். ‘ஆன்’ நிலையில் உயரமான வாய் வழியாகத்தான் பெட்ரோல் வரும். பெட்ரோல் மட்டம் அந்த வாய்க்குக் கீழே இறங்கியதும் வண்டி இருமும், திணறும், நிற்கும். அப்போது கைப்பிடியை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்பினால் அடிவாய் திறந்து மிச்சப் பெட்ரோல் வருகிறது.

ஆகவே எந்நேரமும் ரிசர்விலேயே ஓட்டுகிறவருக்கு ரிசர்வே கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போகும் வழியில், செம்பனைக் காட்டு இருட்டில் வண்டி நின்றால் நின்றதுதான். திருப்புவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. எண்ணெய் போட்டவுடன் கைப்பிடியை ‘ஆன்’ பக்கம் திருப்பிவிட வேண்டும்.

நம் வண்டியின் ரிசர்வ் எத்தனை மைல் தாங்கும்? அதை நாமே அளந்துவிடலாம். ‘ஆன்’ நிலையில் ஓட்டி, வண்டி தானாக நின்ற பிறகு, வெட்டவெளியில் வைத்து ரிசர்வ் பெட்ரோலை ஒரு தகர டின்னில் இறக்கி அளந்து பாருங்கள். வண்டி லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பது உங்களுக்கே தெரியும். பெருக்கிப் பார்த்தால் கணக்கு வந்துவிடும்.

பழைய வண்டிகளில் கைப்பிடியின் எழுத்து தேய்ந்து போயிருக்கும். எது ஆன், எது ஓஃப் என்று ஒருமுறை நிச்சயப்படுத்திக்கொண்டு, ‘ஓஃப்’ இருக்கும் இடத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு பொட்டு வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதைப் பார்த்து மூடிவிடுவார்.

மூடாவிட்டால் என்ன ஆகும்?

“எஞ்சின் நின்னா பெட்ரோலும் நின்னுடும், அதை எதுக்கு மூடணும்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. கார்புரேட்டருக்குள் ஒரு மிதவையும் ஒரு ஊசியும் இருக்கின்றன. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே எழும்பி, ஊசியைத் தள்ளி வழியை அடைக்கிறது. எல்லாம் புதிதாக இருக்கும் வரை கேட்கிறவர் சொல்வது சரிதான். ஆனால் டாங்கியிலிருந்து ஒரு துளி துரு வந்து ஊசி முனையில் உட்கார்ந்தால் போதும். வழி முழுதாக அடைபடாது. இரவெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கும்.

அப்படிச் சொட்டும் பெட்ரோல் இரண்டு வழியில் போகும். ஒன்று, எஞ்சினுக்குள். கப் மாதிரி வண்டிகளில் அது வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போகும். அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் மட்டம் உயர்ந்திருக்கும், முகர்ந்தால் பெட்ரோல் நெடி அடிக்கும். அதோடு வண்டியை ஓட்டினால் உள்ளே தேய்ந்துபோய்ப் பெரிய செலவு வைக்கும்.

மற்றது, வெளியே. வழிந்து தரையில் சொட்டும். இதுதான் நாம் பயப்பட வேண்டிய வழி. மண்ணெண்ணெயை நாம் எல்லாரும் அறிவோம். அது சும்மா இருக்கையில் சட்டென்று பற்றாது. ஏறக்குறைய 38 டிகிரி அல்லது அதற்கு மேலும் சூடேறினால்தான் பற்றக்கூடிய ஆவி அதிலிருந்து கிளம்பும். பெட்ரோல் அப்படியில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் அது பற்றக்கூடிய ஆவியைக் கக்கும். நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்? அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து, சமையல் கட்டுக்குப் போய்விடும். விளக்கும் அடுப்பும் அதற்காகக் காத்திருக்கின்றன. பலகை வீடு பற்றினால் பக்கத்து வீடும் தப்பாது.

இரவில் பெட்ரோல் வாடை அடித்தால் விளக்குச் சுவிட்சைத் தட்டக்கூடாது. அந்தச் சின்னப் பொறியே போதும். கதவு, சன்னலைத் திறந்து, பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்பிவிட வேண்டும். எரிகிற தீ எதுவும் பக்கத்தில் இல்லையென்றால் மட்டும், ஸ்டார்ட் செய்யாமல் வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுபோங்கள்.

சவுக்காரமும் ரப்பரும்

பைப்பு ஒழுக ஆரம்பித்தால் நாம் முதலில் தேடுவது சவுக்காரக் கட்டியைத்தான். நன்றாகப் பிசைந்து ஒழுகும் இடத்தில் அப்பினால் ஒழுக்கு நின்றுவிடுகிறது. சவுக்காரம் பெட்ரோலில் கரையாது என்பதால் இது உண்மையிலேயே வேலை செய்யும். நடுவழியில் நின்றவர் வீடு வந்து சேர நல்ல உபாயம். ஆனால் ஒரு மழை பெய்தால் சவுக்காரம் ஓடிவிடும். அதை நம்பி மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது.

அடுத்த கைவைத்தியம், பழைய சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி வாஷராகப் போடுவது. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். நாம் மரத்தைச் சீவி எடுக்கும் பாலிலிருந்து வரும் ரப்பர் தண்ணீரைத் தாங்கும், இழுவையைத் தாங்கும். பெட்ரோலை மட்டும் அது தாங்காது. ஒரு சின்னத் துண்டு ரப்பரைப் பெட்ரோலில் ஓர் இரவு ஊறப்போட்டு வெளியே வைத்துப் பாருங்கள். மறுநாள் உப்பிப் பெருத்து, கொழகொழவென்று இருக்கும். டியூப் ரப்பரும் அப்படித்தான் உப்பும். பெட்ரோலுக்கென்றே ஆலையில் வேறு விதமாகச் செய்யப்படும் நைட்ரைல் என்னும் ரப்பர் இருக்கிறது. மோட்டார் சாமான் கடையில் பெட்ரோல் பைப்புக்கு என்று கேட்டால் அந்த வாஷரையே கொடுப்பார்கள். சில வெள்ளிக்குள் முடிகிற காரியம்.

தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவும் இதற்கு ஆகாது. அது பிய்ந்து, நார் நாராகக் கார்புரேட்டருக்குள் போய் அடைக்கும். சன்னலுக்குப் பூசும் சிலிக்கான் பசையும் ஆகாது. பெட்ரோல் பட்டால் அது உப்பிக் கழன்றுவிடும்.

பைப்பை மாற்றுவது எப்படி?

எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றி ஈரம் என்றால், உள்ளே இருக்கும் ஓட்டை போட்ட வட்ட ரப்பர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். முகப்புத் தகட்டில் இரண்டு திருகாணி இருந்தால் கழற்றி ரப்பரை மட்டும் மாற்றலாம். ஆணி அடித்து மூடியிருந்தால் பைப்பு முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். டாங்கியும் பைப்பும் சேரும் இடத்தில் ஈரம் என்றால், அங்குள்ள வளைய வாஷர் போய்விட்டது. எங்கும் ஈரமில்லை, ஆனால் மூடிய பிறகும் ரப்பர் குழாய் வழியே சொட்டுகிறது என்றால், பைப்பின் உள்பக்கம் தேய்ந்துவிட்டது.

வேலையைப் பகலில், வெட்டவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். வாயில் சுருட்டு, சிகரெட் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

பெட்ரோலை ரப்பர் குழாய் வழியாகத் தகர டின்னில் இறக்குங்கள். வாய் வைத்து உறிஞ்சவே கூடாது. ஒரு மிடறு தவறி நுரையீரலுக்குள் போனால் ஆளையே படுக்கவைத்துவிடும். டாங்கி காலியானதும் பைப்பைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டை, அல்லது பெரிய நட்டைக் கழற்றுங்கள். போல்ட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். அதுவும் ஒழுக்கைத் தடுப்பதற்காகத்தான் இருக்கிறது.

கழற்றிய பைப்பைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். “எந்த மோட்டாருக்கு?” என்று கடைக்காரர் கேட்பதற்குப் பெயர் மட்டும் சொன்னால் போதாது. போல்ட் ஓட்டைகளின் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா, உள்ளே நிற்கும் குழாயின் உயரம் ஒன்றாக இருக்கிறதா, ரப்பர் குழாய் மாட்டும் மூக்கு அதே பக்கம் பார்க்கிறதா என்று மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். குழாய் குட்டையாக இருந்தால் ரிசர்வ் குறைந்துபோகும்.

பழைய பைப்பின் சல்லடையில் செம்மண் மாதிரி துரு நிறைந்திருந்தால் டாங்கியையும் அலச வேண்டும். அதைச் செய்யாமல் புதுப் பைப்பைப் போடுவது, சேற்றுக் காலோடு புதுப் பாயில் ஏறுவது மாதிரி. புது வாஷர் போட்டு, இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பலம் இருக்கிறது என்று முறுக்கினால் டாங்கியின் மரை போய்விடும். பிறகு ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். மூன்று நிலையிலும் திருப்பிப் பாருங்கள். உலர்ந்த விரலால் தடவி ஈரம் இல்லையென்றால் வேலை முடிந்தது.

சில வண்டிகளின் தனிக்குணம்

ஹோண்டா சி70 போன்ற பழைய கப் வண்டிகளில் பைப்பு டாங்கியில் இல்லை. கார்புரேட்டரோடு ஒட்டியே இருக்கிறது. டாங்கியிலிருந்து இரண்டு ரப்பர் குழாய் அங்கே வருகின்றன. ஆகவே பைப்பை மூடினாலும் அந்த இரண்டு குழாயிலும் பெட்ரோல் நின்றுகொண்டுதான் இருக்கும். குழாய் வெடித்திருந்தால் மூடியும் பயனில்லை. மடக்கிப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

சில வண்டிகளில் எஞ்சின் உறிஞ்சும் இழுப்பால் தானாகத் திறந்து மூடும் பைப்பு உண்டு. அதில் ‘ஓஃப்’ இருக்காது. உள்ளே இருக்கும் மெல்லிய தோல் கிழிந்தால் பெட்ரோல் நேராக எஞ்சினுக்குள் போகும். இழுப்புக் குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால், தோல் கிழிந்துவிட்டது என்று அறியலாம்.

பிஎஸ்ஏ, டிரையம்ப் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டியைப் பேணி வைத்திருப்பவர்களும் உண்டு. அவற்றின் இழுத்துத் தள்ளும் பைப்பில் அடைப்பது தக்கை. வண்டி நாள்பட நின்று டாங்கி காய்ந்தால் தக்கையும் சுருங்கி ஒழுகும். கழற்றி வெந்நீரில் போட்டு எடுத்தால் தக்கை மீண்டும் உப்பிச் சரியாகும். அதற்கும் மசியாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று. டாங்கி நிறையப் பெட்ரோல் இருந்தும் வண்டி நின்று நின்று போகிறதா? உடனே பைப்பைக் குறை சொல்ல வேண்டாம். டாங்கி மூடியில் காற்றுத் துளை ஒன்று உண்டு. அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்து மூடியதும் வண்டி ஓடினால் குற்றவாளி மூடிதான்.

வீட்டில் உள்ள எல்லாருக்கும் இந்தப் பைப்பைக் காட்டிக் கொடுங்கள். வேலை முடிந்து களைத்து வரும் ஆண்பிள்ளை மறந்தாலும், விளக்கு வைக்கும் அம்மா குனிந்து ஒரு திருப்புத் திருப்பிவிடலாம். சிவப்புப் பொட்டைத் தேடும் வேலையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கே கொடுக்கலாம். “அப்பா, பைப்பு மூடியாச்சு!” என்று அது சொன்ன பிறகு பாயை விரியுங்கள்.