பணம் போன வழி

ஓய்வூதியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். காவல்துறை அதிகாரி எனத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு குரலுக்கு அஞ்சி, அவர் 5 லட்சம் ரூபாயை இரு கணக்குகளுக்கு அனுப்பிவிடுகிறார். ஒன்றுக்கு 3 லட்சம், மற்றொன்றுக்கு 2 லட்சம். அரை மணி நேரத்திற்குள் அவ்விரு கணக்குகளிலிருந்தும் தலா நான்கு கணக்குகளுக்குப் பணம் பிரிந்து செல்கிறது. பின்னர் மீண்டும் பிரிகிறது. எங்கோ ஓரிடத்தில் மீண்டும் சேர்கிறது. அவர் 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் தெரிவிக்கும் வேளையில், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறது என்பதே வங்கியின் முன்னுள்ள கேள்வி.

வங்கிகளின் வழக்கமான தரவுத்தளம் பழைய பேரேட்டின் வழிவந்தது. ஒரு கணக்கின் இருப்பைச் சொல்வதில் அதற்கு நிகரில்லை. ஆனால், ‘பெற்றவரிடமிருந்து பெற்றவர் யார், அவரிடமிருந்து பெற்றவர் யார்’ என வினவினால், ஒவ்வொரு படிக்கும் அட்டவணையை அதனோடே மறுபடி பொருத்திப் பார்க்க நேர்கிறது. கிராஃப் தரவுத்தளம் இதனை வேறு வகையில் அணுகுகிறது. அதில் ஒவ்வொரு கணக்கும் ஒரு முனை. ஒவ்வொரு பரிவர்த்தனையும் ஒரு முனையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் அம்பு. அம்புகளைத் தொடர்ந்தால் வழி புலப்படும். 2016இல் வெளியான பனாமா ஆவணங்கள், ஏறத்தாழ 1.15 கோடிக் கோப்புகள், இத்தகைய நியோ4ஜே என்னும் தரவுத்தளத்தின் துணையோடுதான் இதழாளர்களால் ஆராயப்பட்டன.

வழியைத் தொடர்வது ஒரே வினவலில் முடிவதில்லை. முதல் வினவல் புகார்தாரரிடமிருந்து பணம் பெற்ற கணக்குகளைத் தருகிறது. அந்த விடையை எடுத்துக்கொண்டு இரண்டாவது வினவல் அவை அனுப்பிய இடங்களைத் தேடுகிறது. மூன்றாவது, அவ்விடங்களைக் கணக்கு வாரியாகத் தொகுத்து, எத்தனை பேரிடமிருந்து எவ்வளவு வந்தது எனக் கூட்டுகிறது. நியோ4ஜேயின் வினவல் மொழியான சைஃபரில், இந்தக் கண்ணிகளைக் கோக்கும் சொல் ‘வித்’. அச்சொல்லின் பின் நாம் பெயர் குறிப்பிடுபவை மட்டுமே அடுத்த படிக்குச் செல்லும். குறிப்பிடாதவை அங்கேயே விடுபடும். கண்டிப்பான வாயிற்காவலர்தான்.

இங்கேதான் கவனம் தேவை. கூட்டிவிட்டுத் தொடர்வதும், தொடர்ந்துவிட்டுக் கூட்டுவதும் ஒன்றல்ல. நம் ஓய்வூதியரின் 3 லட்சம் சென்ற கணக்கிலிருந்து நான்கு அம்புகள் வெளியேறுகின்றன. வரவைக் கூட்டாமல் அடுத்த படிக்குச் சென்றால், அந்த ஒரே வரவு நான்கு வரிகளில் நான்கு முறை தோன்றும். 3 லட்சம் 12 லட்சமாகும். மற்றொன்றின் 2 லட்சம் 8 லட்சமாகும். இழந்தது 5 லட்சம். அறிக்கை சொல்வதோ 20 லட்சம்! கணினி பிழையேதும் காட்டாது. கேட்டதற்குச் சரியாகவே விடையளித்திருக்கிறது. கேட்ட வரிசைதான் தவறு. முதலில் வரவைக் கூட்டி, அத்தொகையை ‘வித்’ வழியே கைமாற்றி, அதன் பின்னரே வெளியேறும் அம்புகளைத் தொடர வேண்டும்.

மற்றொரு பிழை இதனினும் கொடியது. ‘மிகுதியானவர்களிடமிருந்து பணம் பெற்ற கணக்கு எது’ என்று மட்டும் தொகுத்தால், பட்டியலின் தலையில் வந்து நிற்பவர் பெரும்பாலும் மோசடிக்காரர் அல்லர்; கியூஆர் அட்டையைக் கல்லாவில் ஒட்டி வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் அவருக்குப் பணம் செலுத்துகின்றனர். மோசடிப் பணத்தில் ஒரு சிறு தொகை வந்து சேர்ந்ததாலேயே சிறு வணிகர்களின் கணக்குகள் முடக்கப்பட்ட செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். சரக்குக்குப் பணம் கட்ட முடியாத வணிகருக்கு, அது கணினிப் பிழையா காவல்துறை ஆணையா என்பதில் என்ன வேறுபாடு?

ஆகவே சங்கிலியில் இன்னுமொரு கண்ணி வேண்டும். வந்த பணம் எவ்வளவு நேரம் தங்கியது? கடைக்காரரின் கணக்கில் பல மாதங்களாக ஒரே சீரான வரவு இருக்கும்; பணம் தங்கும்; மொத்த வியாபாரிக்கும் மின்வாரியத்துக்கும் செல்லும். பிறர் பணத்தைக் கைமாற்றுவதற்கென வாடகைக்கு விடப்பட்ட மியூல் கணக்கிலோ, நெடுநாள் உறக்கத்துக்குப் பின் திடீரென வரவு. சில நிமிடங்களில் ஏறத்தாழ முழுத்தொகையும் வெளியேற்றம். வரவையும் செலவையும் தனித்தனியே கூட்டி ஒப்பிட்டால், இவ்விருவரும் வெவ்வேறு மனிதர்கள் என்பது தெரிந்துவிடும். ஒரே கைப்பேசி எண்ணோடு பல கணக்குகள் பிணைந்திருப்பதும் அடுத்த வினவலில் வெளிப்படலாம். அதன் பிறகும் முடிவெடுப்பவர் மனிதரே. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இத்தனை வினவல்களுக்கும் தொடக்க முனை ஒன்று தேவை. அது வாடிக்கையாளரின் கையிலேயே இருக்கிறது. யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்று தென்படும். 1930ஐ அழைக்கும்போது, நடந்ததை விவரிக்கும் முன்னரே அந்த எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். பணத்தைத் தேடும் முதல் வினவல் அங்கிருந்துதான் புறப்படுகிறது.