செயற்கை உயிரியல்: ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் இடையே பாலம் தேவை

புது தில்லி: நுண்ணுயிர்களைக் கொண்டு மருந்து, உணவு, ரசாயனப் பொருள்கள் தயாரிக்கும் தொழில்களை ஊக்குவிக்கும் "பயோ-இ3' கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒப்புதல் அளித்தது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு ஆகிய மூன்றும் அதன் இலக்குகள். இதன் பயன் சிறு தொழில்களுக்கு எவ்வாறு சென்றடையும்? பழைய தொழிலை நம்பியிருப்போரின் நிலை என்ன? இவ்விரு கேள்விகளும் ஒருங்கே எழும் இடம் பெங்களூரின் அடுகோடி.

ஓசூர் சாலையை ஒட்டிய அடுகோடியில் 1923-ல் ஆங்கிலேய அரசு தொடங்கிய கால்நடை, பால்பண்ணை நிறுவனமே இன்றைய தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாய்வீடு. 1927-ல் காந்தியடிகள் இங்கு வந்து மாடு வளர்ப்பு முறைகளைக் கேட்டறிந்தார். 1955-ல் தலைமையகம் ஹரியாணா மாநிலம் கர்னாலுக்கு மாற்றப்பட்டது. அடுகோடி அதன் தென்மண்டல நிலையமாயிற்று.

பசு இல்லாமல் பால் புரதம்

தேவையான பொருளைச் சுரக்கும் வகையில் ஈஸ்ட், பாக்டீரியா போன்றவற்றின் மரபணுக்களை மாற்றியமைப்பதே செயற்கை உயிரியலின் அடிப்படை. பால் தொழிலுக்கு இது முற்றிலும் புதிதல்ல. சீஸ் தயாரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டு வந்த நொதியை, மரபணு மாற்றிய பாக்டீரியாவிலிருந்து பெறுவதற்கு அமெரிக்கா 1990-லேயே அனுமதி அளித்தது. இப்போது பால் புரதத்தையே பசுவின்றித் தயாரிக்க வெளிநாட்டு நிறுவனங்கள் முனைந்துள்ளன.

ஆனால் ஆய்வகக் குடுவையில் வெற்றி பெறும் நுண்ணுயிர், ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளளவுள்ள கலனிலும் அதே பலனைத் தரும் என்று சொல்வதற்கில்லை. பிராணவாயு சீராகக் கலப்பதும், வெப்பம் வெளியேறுவதும் அங்கே கடினம். இடைநிலையில் சோதித்துப் பார்க்கும் கலன்களைச் சொந்தமாக அமைக்கச் சிறு நிறுவனங்களிடம் முதலீடு இல்லை.

பிரிட்டனில் இந்த இடைவெளியை நிரப்பவே லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 2013-ல் "சின்பைசைட்' என்ற தேசிய மையம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் முயற்சியால் 2009-ல் பெங்களூரில் உருவான "சி-கேம்ப்' மையம் இளம் நிறுவனங்களுக்குக் கருவி வசதிகளை வழங்குகிறது. பயோ-இ3 கொள்கையின் கீழ் தேசிய உயிரி வார்ப்பக வலையமைப்பு 2025 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. சிறு நிறுவனங்கள் கட்டுப்படியாகும் கட்டணத்தில் இவற்றைப் பயன்படுத்த முடியுமா என்பதைப் பொறுத்தே கொள்கையின் வெற்றி அமையும்.

விவசாயிகளின் பங்கு

மறுபுறம், 2023-24-ல் சுமார் 23.9 கோடி டன் பால் உற்பத்தி செய்து உலகில் முதலிடம் வகித்தது இந்தியா. இதில் பெரும்பகுதி, ஓரிரு மாடுகள் வைத்திருக்கும் குடும்பங்களின் உழைப்பு. தாவரப் பானங்களைப் "பால்' என்ற பெயரில் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் நடவடிக்கை எடுத்தது. ஆலையில் தயாராகும் பால் புரதத்தை என்ன பெயரில் விற்பது என்ற கேள்வியும் நாளை எழும்.

புதிய தொழில்நுட்பம் எப்போதும் பழையதை வென்றுவிடுவதும் இல்லை. மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் மருந்தை ஈஸ்ட் உதவியுடன் தயாரிக்கும் பணியை பிரான்ஸின் சனோஃபி நிறுவனம் 2013-ல் தொடங்கியது. விவசாயிகள் பயிரிட்ட செடியிலிருந்து எடுத்த மருந்தின் விலை சரிந்ததால் போட்டியிட முடியாமல், பின்னர் அந்த ஆலையையே அது விற்றுவிட்டது.

எனவே, ஆலைகளுக்கு நிதி ஒதுக்குவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. எந்தப் பொருளுக்கு முன்னுரிமை என்று முடிவு செய்யும் குழுக்களில் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இடமளிக்க வேண்டும். நூறாண்டுக் கால அனுபவம் கொண்ட அடுகோடி நிலையத்தை இந்த முயற்சியில் இணைப்பது அதற்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.