மலையில் ஒரு மழைமானியும் செவிடான ரிசீவரும்: எஸ்.டி.ஆர். கருவிகளைக் கேபிளால் இணைத்துச் சோதிப்பது எப்படி?

அட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் இருந்த நல்ல ரிசீவரை நானே பாழாக்கினேன். அதற்கு ஒரு வினாடிதான் எடுத்தது.

5 வாட் வோக்கி டோக்கி ஒன்றின் அன்டெனாவைக் கழற்றினேன். அந்த இடத்தில் ஒரு முழக் கேபிளை மாட்டி, மறுமுனையை மடிக்கணினியில் செருகியிருந்த ரிசீவரில் பொருத்தினேன். பிறகு பேசும் பொத்தானை அழுத்தினேன். புகை வரவில்லை. கருகிய மணமும் இல்லை. திரையில் கோடுகள் வழமைபோல ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அன்றிலிருந்து பக்கத்தில் இருக்கும் பலமான சமிக்ஞையைத் தவிர வேறெதுவும் அதற்குக் கேட்கவில்லை. கருவி சாகவில்லை, செவிடாகிவிட்டது.

செத்த கருவியென்றால் தூக்கி வீசிவிடலாம். செவிடான கருவியை நல்லதென்று நம்பி மலையில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் செய்ய முயன்றது சிறிய வேலை. மேற்கணக்கில் ஒரு மழைமானி, கீழே லயன்களுக்குப் பக்கத்தில் ஒரு ரிசீவர். மேலே பெய்யும் மழையின் அளவு கீழே உள்ளவர்களுக்கு வானலை வழியாகத் தெரிய வேண்டும். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருங்கள், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறுங்கள் என்பதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளில் நாம் கேட்டுப் பழகிய கணக்கு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாக அறுந்ததையும் பார்த்தோம். அப்படியான இரவில் ஒரு எண் கீழே வந்து சேர்வதும் சேராமல் போவதும் ஒன்றல்ல.

எஸ்.டி.ஆர். என்பது என்ன?

மென்பொருளால் இயங்கும் வானொலிக் கருவியையே எஸ்.டி.ஆர். என்கிறோம். பழைய வானொலியில் சுருள்களும் வடிகட்டிகளும் செய்த வேலையின் பெரும்பகுதியை இதில் கணினி செய்கிறது. தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட மலிவான யு.எஸ்.பி. கருவிகளை இப்படிப் பயன்படுத்தலாம் என்பது 2012இல் பரவலாகத் தெரியவந்தது. அதன்பின் மாணவர்களின் கைக்கும் இது எட்டியது. கேட்க மட்டும் முடிந்தவை ஒரு வகை. ஹேக்ஆர்எஃப் ஒன் போன்றவை கேட்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும்.

ஏன் கேபிளில் சோதிக்க வேண்டும்?

முதலாவது காரணம் மலை. நுவரெலியாவுக்கு மேலே 2,524 மீற்றர் உயரப் பீதுருதாலகால உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. அதுபோன்ற கோபுரத்தின் பார்வையில் அன்டெனாவை வைத்தால் மலிவான ரிசீவர் திணறும். பிழை நம்முடையதா, வானத்திலிருந்து வருவதா என்று பிரித்தறிய முடியாது. கேபிளுக்குள் நம்முடைய சமிக்ஞை மட்டுமே ஓடும்.

இரண்டாவது காரணம் சட்டம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, வானலையை வெளியிடும் கருவியைப் பயன்படுத்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். கேபிளில் சோதித்தால் அடுத்தவரின் அலைவரிசைக்கு இடையூறு வராது. ஆனால் கேபிள்தானே என்று அனுமதிப்பத்திரத்தை மறந்துவிடக்கூடாது. கருவியைத் தருவிக்க முன்பே ஆணைக்குழுவிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆர்வமுள்ள பிள்ளைகள் அமெச்சூர் வானொலிப் பரீட்சையை எழுதலாம். 2004 சுனாமியின்போது அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைக்க உதவியவர்களில் அமெச்சூர் வானொலியாளர்களும் இருந்தார்கள்.

மூன்றாவது காரணம் நம் மக்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. வடக்கில் தடைக்காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. கையில் ஒரு தொடர்புக் கருவி இருந்தாலே சந்தேகத்துக்கு ஆளான காலத்தையும் அந்தத் தலைமுறை அறியும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் இரண்டையும் பார்த்தவை. எனவே எதைச் செய்தாலும் அனுமதியோடும், தோட்டத்தாருக்குத் தெரியும்படியும், ஒரு அலைகூடத் தவறிப் போகாதபடியும் செய்ய வேண்டும்.

ஒரு கழித்தல் கணக்கு

நான் விட்ட பிழை இதுதான்: காற்றையும் கேபிளையும் ஒன்றென்று நினைத்தேன். 433 மெகாஹேர்ட்ஸ் அலை திறந்த வெளியில் ஒரு கிலோமீற்றர் போவதற்குள் ஏறத்தாழ 85 டெசிபெல் இழக்கிறது. ஒரு மீற்றர் நல்ல கேபிளில் அது அரை டெசிபெல்கூட இழப்பதில்லை. அனுப்பியதெல்லாம் அப்படியே வந்து சேரும்.

வானொலியில் வலுவை டி.பி.எம். என்ற அலகில் சொல்வார்கள். 0 டி.பி.எம். என்றால் 1 மில்லிவாட். 10 கூடினால் வலு பத்து மடங்கு கூடும், 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகும். ஹேக்ஆர்எஃப் ஒன் தாங்கக்கூடிய உள்வரும் வலு மைனஸ் 5 டி.பி.எம். என்று அதைத் தயாரித்தவர்களே எச்சரிக்கிறார்கள். 5 வாட் என்பது 37 டி.பி.எம். வித்தியாசம் 42 டெசிபெல், அதாவது சுமார் 16,000 மடங்கு. வோக்கி டோக்கி மட்டுமல்ல, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு எஸ்.டி.ஆர்.கூட ஆபத்துத்தான். அது 15 டி.பி.எம். வரை அனுப்பும். அதுவே எல்லையைப் போல நூறு மடங்கு.

இதைத் தடுப்பது அட்டனுவேட்டர். விரல்நுனி அளவுள்ள இந்தத் துண்டு கேபிளுக்கு நடுவில் இருந்து வலுவைக் குறைக்கும். இரண்டு எஸ்.டி.ஆர்.களை இணைக்கும்போது 30 டெசிபெல் துண்டுகள் இரண்டைத் தொடராகப் போடுங்கள். 15இல் 60 போனால் மைனஸ் 45. கருவிக்கு ஆபத்தில்லை, சமிக்ஞையும் தெளிவாகக் கேட்கும்.

கணக்கை எப்போதும் கருவி அனுப்பக்கூடிய உச்ச வலுவை வைத்தே போடுங்கள். மென்பொருளில் வலுவைக் குறைத்து வைத்திருக்கிறேன் என்று நம்ப வேண்டாம். ஒரு தவறான சொடுக்கில் அது உச்சத்துக்குப் போய்விடும்.

வோக்கி டோக்கியைச் சோதிப்பதானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிறிய அட்டனுவேட்டர்கள் பல 2 வாட் வரையே தாங்கும். 5 வாட்டைக் கொடுத்தால் அவை கருகும். டிரான்ஸ்மிட்டரை ஒட்டி வரும் முதல் துண்டு 10 வாட்டாவது தாங்குவதாக இருக்கட்டும். அதற்குப் பிறகு சிறியவற்றைப் போடலாம்.

இணைக்கும் ஒழுங்கு

எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு முதலில் கேபிளைப் பொருத்துங்கள். மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றி பற்றரியில் வேலை செய்யுங்கள். நிலத்தொடுப்பு இல்லாத சார்ஜரில் கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் சிலவேளை விறுவிறுக்கும். அந்தக் கசிவு மின்னழுத்தம் கேபிளைச் செருகும் கணத்தில் ரிசீவருக்குள் பாயலாம். பல லயன் அறைகளில் மின்னிணைப்புக்கு ஒழுங்கான நிலத்தொடுப்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில ரிசீவர்கள் அன்டெனா முனையிலேயே 4.5 வோல்ற் அளவில் மின்சாரத்தை வெளியே அனுப்பக்கூடியவை. அந்த வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமென்றால் நேர்மின்சாரத்தைத் தடுக்கும் துண்டொன்றையும் இடையில் மாட்டுங்கள்.

பின் ரிசீவரை முதலில் இயக்குங்கள். அதன் பெருக்கியை அணைத்து வையுங்கள். டிரான்ஸ்மிட்டரை மிகக் குறைந்த வலுவில் தொடங்கி மெல்ல உயர்த்துங்கள். முடிக்கும்போது அனுப்புவதை நிறுத்திய பிறகே கேபிளைக் கழற்றுங்கள். முனையில் ஒன்றுமே இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை இயக்கினால் அதுவும் பழுதாகலாம். இடி முழங்கும் பின்னேரங்களில் வெளி அன்டெனாக் கேபிள் எதுவும் மேசைக்கு வரக்கூடாது.

தூரத்தையும் மேசையிலேயே சோதிக்கலாம். 85 டெசிபெல் அளவுக்கு அட்டனுவேட்டர்களை அடுக்கினால் அது தடையில்லாத ஒரு கிலோமீற்றருக்குச் சமம். நடுவில் மலை முகடும் மரங்களும் இருப்பதால் இன்னும் 20, 30 கூட்டிப் பாருங்கள். அப்போதும் எண் சரியாக வந்தால் நம்பிக்கை கொள்ளலாம். ஆனால் ஒரு பரிசோதனை பாக்கி: ரிசீவர் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டர் பக்கம் அட்டனுவேட்டர்களை அப்படியே விட்டு, மீண்டும் அனுப்புங்கள். அப்போதும் எண் வந்தால் சமிக்ஞை கேபிள் வழியாக வரவில்லை, கருவியின் உடலிலிருந்து கசிந்து காற்றில் வருகிறது. உங்கள் சோதனை பொய். கருவிகளைத் தள்ளி வைத்து, நல்ல கேபிள் போட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

செவிடான அந்த ரிசீவரை நான் எறியவில்லை. பிள்ளைகள் வரும்போது முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன். திரையில் கோடுகள் ஓடும். நன்றாக இருக்கிறதே சேர் என்பார்கள். பிறகு 60 டெசிபெல் போட்டு ஒரு சமிக்ஞை அனுப்புவேன். பக்கத்திலுள்ள புதிய ரிசீவரில் எண் வரும். இதில் வராது. அதன் பிறகு கேபிளைத் தொடுவதற்கு முன் தாளையும் பேனையையும் எடுத்துக் கழித்துப் பார்க்காத பிள்ளை இல்லை.