வால்வு செட்டை எடைக்குப் போடாதீங்க!

செம்புக்காக உடைத்தால் பாட்டு போச்சு

"பரண் மேல ஒரு பழைய ரேடியோ கிடக்குதுங்க. எடுத்துக்கறீங்களா?"

"தூக்கிப் பார்த்துச் சொல்றேனுங்க. வெயிட்டு இருந்தா எடுத்துக்கலாம்."

வீட்டுக்காரருக்கும் பழைய சாமான்காரருக்கும் நடக்கும் பேச்சு இவ்வளவுதான். பாடுமா, பாடாதா என்று இருவருமே கேட்பதில்லை. பெட்டி தராசில் ஏறுகிறது. வண்டியில் போகிறது.

போன பெட்டிக்கு என்ன நடக்கிறது தெரியுமா?

பலகை ஒரு பக்கம். தகரம் ஒரு பக்கம். கண்ணாடி வால்வுகள் குப்பையில். உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரை மட்டும் சுத்தியலால் உடைத்து, செம்புக் கம்பியை உருவி எடுத்து விடுகிறார்கள். செம்புக்குத்தானே விலை!

அந்த நிமிஷத்தோடு அந்த செட்டின் கதை முடிந்தது.

வால்வு போனால் வேறு வால்வு வாங்கி விடலாம். கண்டன்சர் போனால் சில ரூபாயில் காரியம் முடியும். டிரான்ஸ்பார்மர் போனால் கடையில் கேட்டு வாங்க முடியாது. கையால்தான் கட்ட வேண்டும்.

70 ரூபாய் ரேடியோ!

பைக்காரா நீர் மின்சாரம் வந்தது 1932-ல். கோவையில் மில் சங்கு ஊதியதும், தோட்டத்தில் மோட்டார் ஓடியதும் அந்தக் கரண்டில்தான். பின்னாலேயே ரேடியோவும் வந்தது. திருச்சி வானொலி நிலையம் 1939-ல் பேச ஆரம்பித்தது.

டிரான்சிஸ்டர் என்ற பொருளை அமெரிக்காவில் கண்டுபிடித்ததே 1947 டிசம்பரில்தான். அதுவரை எல்லாம் வால்வு ராஜ்ஜியம்!

நம்ம ஊர் ஜி.டி.நாயுடு சும்மா இருப்பாரா? 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர், 1941-ல் ஒரு போடு போட்டார். "ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு என்னால் செய்ய முடியும்" என்று அறிவித்தார். அவருடைய யு.எம்.எஸ். பெயரிலேயே கோவையில் ரேடியோ தயாரானது.

அவினாசி ரோட்டில் 10.1 கிலோ மீட்டர் நீள மேம்பாலத்துக்கு 2025-ல் அவர் பெயரை வைத்தார்கள். சரி, பாலத்துக்குப் பெயர் வைத்தாயிற்று. அந்தக் காலத்து ரேடியோக்களில் எத்தனை இன்னும் பரணில் பத்திரமாக இருக்கின்றன?

ரேடியோ மட்டும் அல்ல. மைக்செட்டும் அப்படித்தான். கோவில் திருவிழா என்றால் தென்னை மரத்தில் கூம்பு ஸ்பீக்கர் ஏறி விடும். கீழே வாடகை சைக்கிள் கடைக்காரரோ, சவுண்ட் சர்வீஸ்காரரோ ஆம்ப்ளிபயருடன் உட்கார்ந்திருப்பார். 1940-ல் தொடங்கிய அகுஜா கம்பெனி பெட்டியைப் பார்க்காத ஊர் ஏது? பெட்டிக்குள்ளே எட்டிப் பார்த்தால் வால்வுகள் செக்கச் செவேல் என்று எரிந்து கொண்டிருக்கும். ராத்திரிக் குளிருக்கு அதன் மேல் கையைக் காட்டிச் சூடு ஏற்றியவர்களும் உண்டு.

சினிமா கொட்டகையிலும் இதே கதைதான். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால், ஊமைப் படத்துக்குக் கட்டியது. பிறகு படம் பேச ஆரம்பித்ததும், எல்லா ஊர்க் கொட்டகைக்கும் ஆம்ப்ளிபயர் தேவைப்பட்டது. அத்தனையும் வால்வு. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி 1938-ல் கொண்டு வந்த 300பி என்ற வால்வை, ஜப்பான்காரர்கள் இன்று தங்கம் போல வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். இங்கே கொட்டகையை இடிக்கும்போது முதலில் எடைக்குப் போனதே ஆம்ப்ளிபயர்தான்!

வால்வு கிடைக்குமா?

கிடைக்கும். இதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி.

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி 1961-ல் ரேடியோ வால்வு தயாரிக்க ஆரம்பித்தது. 'பெல்' என்று அச்சடித்த அந்த வால்வுகள் இன்றும் பழைய கடைகளின் அடி டப்பாவில், பிரிக்காத அட்டைப் பெட்டியுடன் கண்ணில் படும். சென்னை ரிச்சி தெருவில் தேடுகிறார்கள். பம்பாய் லாமிங்டன் ரோட்டில் தேடுகிறார்கள். டெல்லி லஜ்பத்ராய் மார்க்கெட்டிலும் தேடுகிறார்கள்.

புதிதாகவும் வருகிறது. ரஷியாவில் வால்கா நதிக் கரையில் உள்ள சராட்டோவ் நகரிலும், ஸ்லோவாக்கியாவிலும், சீனாவிலும் இன்றைக்கும் வால்வு தயாராகிறது. மேல்நாட்டு கிட்டார்காரர்கள் வாங்குவதால் வியாபாரம் ஓடுகிறது. 2022-ல் உக்ரைன் சண்டை மூண்டதும் ரஷியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. வால்வு விலை எகிறியது. பிறகு வரத்து திரும்பியது.

வாங்கப் போகிறவர்கள் வால்வின் மேல் உள்ள பெயரைப் படிக்கத் தெரிந்து கொள்ள வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதல் எழுத்து 'ஈ' என்றால் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட். அடுத்து 'எல்' வந்தால் ஸ்பீக்கரை ஓட்டும் பலசாலி வால்வு. 'சி' வந்தால் சின்ன சிக்னலைப் பெருக்குவது. 'இசட்' வந்தால் ஏ.சி. கரண்டை டி.சி. ஆக்குவது. ஈ.எல்.84 என்றால் பலசாலி. ஈ.சி.சி.83 என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரட்டைப் பிள்ளை!

ரஷிய வால்வு வாங்கும்போது உஷார். ஈ.எல்.84-க்குப் பதிலாக அவர்களுடைய 6பி14பி அப்படியே உட்காரும். ஆனால் ஈ.சி.சி.83-க்குப் பதில் 6என்2பி-யை அப்படியே சொருகினால் வால்வு எரியாது. சூடேற்றும் இழைக்குக் கால் வேறு. சாக்கெட்டில் ஒயரை மாற்றிப் போட வேண்டும். இது தெரியாமல் "டூப்ளிகேட் சரக்கு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

கொலைகாரக் கண்டன்சர்

டிரான்ஸ்பார்மர் தானாகச் சாவதில்லை. அதைக் கொல்வது யார்?

மெழுகு பூசிய ஒரு சின்ன காகிதக் கண்டன்சர்! முதல் வால்வில் இருந்து கடைசி வால்வுக்குப் பாட்டைக் கடத்துவது அதன் வேலை. பாட்டை விட வேண்டும். டி.சி. கரண்டை விடக் கூடாது. வயது ஆக ஆக, கோவை ஈரக் காற்றும் சேர்ந்து கொள்ள, அது கசிய ஆரம்பிக்கிறது.

கசிந்த கரண்ட் கடைசி வால்வின் கிரிட்டில் ஏறுகிறது. வால்வு அளவுக்கு மீறி கரண்டை இழுக்கிறது. உள்ளே இருக்கும் தகடு சிவக்கிறது. அந்தக் கரண்ட் முழுக்க அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வழியாக அல்லவா வர வேண்டும்? தலைமுடி மாதிரி கம்பி எத்தனை நேரம் தாங்கும்?

'டப்' என்று ஒரு சப்தம். வார்னிஷ் கருகும் வாடை. முடிந்தது.

"நேத்து வரைக்கும் பாடுச்சுங்க" என்று தூக்கிக் கொண்டு ஓடி வருவார்கள். நேற்று வரை பாடியதும் உண்மைதான். குற்றவாளி உள்ளேயே உட்கார்ந்திருந்ததும் உண்மைதான்.

ஆகையால் பல வருஷம் சும்மா கிடந்த செட்டை எடுத்தவுடன் பிளக்கில் சொருகக் கூடாது. முதலில் அந்தக் காகிதக் கண்டன்சரைக் கழற்றி 630 வோல்ட் தாங்கும் புது பிளாஸ்டிக் கண்டன்சர் போட வேண்டும். பவர் பகுதியில் டப்பா போல நிற்கும் பில்டர் கண்டன்சரும் உள்ளே காய்ந்து போயிருக்கும். பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்' என்று இரைந்தால் அதுதான் காரணம். அதையும் மாற்ற வேண்டும்.

பிறகு பழைய மெக்கானிக்குகளின் பிரம்மாஸ்திரம், சீரியஸ் பல்பு! 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின் லைனில் தொடராக மாட்டி, அதன் வழியாக செட்டுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். பளிச்சிட்டு மங்கினால் பயம் இல்லை. இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது. குண்டு பல்பு கிடைத்தால் இரண்டு வாங்கி வையுங்கள்.

மைக்செட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஓடிக் கொண்டிருக்கும் வால்வு ஆம்ப்ளிபயரில் இருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றவே கூடாது. பாட்டு போக வழி இல்லாமல் டிரான்ஸ்பார்மருக்குள் வோல்ட் ஏறி, கம்பிக்குக் கம்பி பொறி பறக்கும். டிரான்சிஸ்டர் பெட்டியில் பழகியவர்கள் செய்யும் தப்பு இது.

உயிர் போகும்!

இது விளையாட்டுச் சாமான் அல்ல. சின்ன ரேடியோவிலேயே 250 வோல்ட் டி.சி. ஓடும். பழைய மைக்செட்டில் 807 என்ற வால்வு இருக்கும். தலையில் தொப்பி மாதிரி ஒரு முனை. அந்தத் தொப்பியில்தான் 400 வோல்ட்டும் அதற்கு மேலும்! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் தங்கி நிற்கும்.

இன்னொரு எமன், 'யு' எழுத்து வால்வு போட்ட ஏ.சி.-டி.சி. ரேடியோ. அதில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே கிடையாது. பிளக் தலைகீழாகச் சொருகினால் உள்ளே உள்ள இரும்புத் தட்டு முழுக்க வீட்டுக் கரண்ட்! வேலை தெரியாதவர்கள் பின்பக்கப் பலகையைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

காயில் கட்டும் கை

டிரான்ஸ்பார்மர் எரிந்தே போய்விட்டது என்றால்?

இங்கேதான் கோவைக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். பம்ப்செட் ஊர் இது. காந்திபுரத்தில் இருந்து பல்லடம் வரை எந்தப் பக்கம் போனாலும் மோட்டார் காயில் கட்டும் பட்டறை உண்டு. எனாமல் கம்பி கேஜ் வாரியாகக் கிடைக்கும். வார்னிஷ் கிடைக்கும். சுற்றும் மிஷின் இருக்கிறது. எண்ணிச் சுற்றத் தெரிந்த கையும் இருக்கிறது.

மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரைக் கொடுத்தால் அந்தக் கை சுலபமாகக் கட்டிக் கொடுத்து விடும். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் மட்டும் வேறு ஜாதி.

ஈ.எல்.84 வால்வு கேட்பது சுமார் 5 ஆயிரம் ஓம். ஸ்பீக்கர் வைத்திருப்பதோ 4 ஓம். யானைக்கும் எலிக்கும் கல்யாணம்! அதை முடித்து வைக்கும் புரோகிதர்தான் அவுட்புட் டிரான்ஸ்பார்மர். வால்வுப் பக்கம் 35 சுற்றுக்கு ஸ்பீக்கர் பக்கம் 1 சுற்று என்ற கணக்கு. நல்ல ஆம்ப்ளிபயரில் இரண்டு பக்கத்துக் கம்பியையும் அடுக்கு அடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றியிருப்பார்கள். இல்லாவிட்டால் சலங்கைச் சப்தம் கேட்காது. 1947-ல் இங்கிலாந்தில் வில்லியம்சன் என்பவர் உலகமே காப்பியடித்த ஒரு ஆம்ப்ளிபயரைப் பத்திரிகையில் வெளியிட்டார். அவர் அழுத்திச் சொன்னதும் இந்த டிரான்ஸ்பார்மரின் தரத்தைத்தான்.

மோட்டார் பட்டறையில் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. இரும்புத் தகடுகளை அடுக்கும் முறை. மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரில் தகடுகளை மாற்றி மாற்றிக் கோர்ப்பார்கள். ஒற்றை வால்வு ரேடியோவின் அவுட்புட்டில் அப்படிச் செய்யக் கூடாது. எல்லாம் ஒரே திசையில் அடுக்கி, நடுவே மெல்லிய காகிதம் வைத்து இடைவெளி விட வேண்டும். அந்தக் காகிதத்தை "குப்பை" என்று தூக்கிப் போட்டு விட்டால் தீர்ந்தது. சுற்று சரியாக இருக்கும், கம்பி சரியாக இருக்கும். மிருதங்கம் மட்டும் தகர டப்பா போல ஒலிக்கும்!

இரட்டை வால்வு போட்ட மைக்செட்டுக்கு இந்தக் காகிதம் வேண்டாம். அங்கே மாற்றி மாற்றிக் கோர்ப்பதுதான் சரி.

இப்போது ஒரு புது மோகம். ரேடியோவின் குடலை உருவிப் போட்டு விட்டு, புளூடூத் போர்டு ஒன்றை உள்ளே வைத்து ஓட்டல் வரவேற்பறையில் வைக்கிறார்கள். வெளியே தாத்தா, உள்ளே சீனா! அழகாகத்தான் இருக்கிறது. உருவிய குடலையாவது எடைக்குப் போடாமல் கொடுத்தால், வேறு ஒரு ரேடியோ பிழைக்கும்.

எரிந்த டிரான்ஸ்பார்மர் இருந்தால் அதையும் எறிய வேண்டாம். பட்டறைக்குப் போகும்போது அதையே கொண்டு போங்கள். அடுக்கு அடுக்காகப் பிரித்து, எத்தனை சுற்று, என்ன கேஜ், எங்கே காகிதம் என்று நோட்டில் எழுதிக் கொண்டுதான் புதிதாகக் கட்ட முடியும். செட்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர் சீட்டு எலி கடித்திருந்தாலும் கிழிக்காதீர்கள். மெக்கானிக் முதலில் கேட்பது அதைத்தான்.