போதிகையைப் பார்த்தால் காலம் தெரியும்

கோயில் மண்டபத்தில் நிற்கிறவர் தூணின் உச்சியை நிமிர்ந்து பார்த்தால், தூணுக்கும் மேலே ஓடும் உத்திரத்துக்கும் நடுவில் இருபக்கமும் கை நீட்டிய ஒரு கல் தெரியும். அதுதான் போதிகை. அழகுக்காக வைத்ததல்ல அது. கருங்கல் பெரும் பாரம் ஏற்றினாலும் எளிதில் நசுங்காது. ஆனால் நீளமாகக் கிடத்தி நடுவில் பாரம் வைத்தால் அடிப்பக்கம் விரிசல் விட்டுப் பட்டென்று முறியும். போதிகை இருபுறமும் நீண்டு தாங்குவதால், உத்திரக் கல் அந்தரத்தில் கிடக்கும் தூரம் குறைகிறது. ஒரு முழம் குறைந்தாலும் கல்தச்சனுக்கு லாபம்தான்.

இந்தச் சின்ன உறுப்பை வைத்தே கோயிலின் வயதைக் கணிக்கலாம் என்று காட்டியவர் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். கல்வெட்டால் காலம் உறுதியான கோயில்களை ஊர் ஊராகப் பார்த்து, தூணும் போதிகையும், கூரை விளிம்பில் துருத்தும் கூடு என்ற வளைவும் எப்படி மாறிக்கொண்டே வந்தன என்று வரைந்து வரிசைப்படுத்தினார். அன்றைக்கு உளி பிடித்துக்கொண்டிருந்த ஸ்தபதிகளிடமே ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் கேட்டுக்கொண்டார். 1914இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவருடைய நூல் பிரெஞ்சில் வெளிவந்தது.

அவர் வகுத்த வரிசை, பின்னால் வந்தவர்கள் செய்த திருத்தங்களோடு, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பல்லவர் காலப் போதிகையின் அடிவிளிம்பு பெரும்பாலும் வளைவாக இருக்கும். அந்த வளைவில் அலை அலையாகச் சுருள் வெட்டியிருந்தால் அதற்குத் தரங்கப் போதிகை என்று பெயர். சுருள்களின் நடுவே வார்போல ஒரு பட்டை இறங்கும். சோழர் கையில் வளைவு கோணமாகிறது. சாய்வாகச் செதுக்கிய முகம், நடுவில் துருத்திக்கொண்டு ஒரு நாக்கு. இது வெட்டுப் போதிகை. சோழர் காலத்தின் பிற்பகுதியில் அந்த நாக்கு மெல்ல மொட்டாகத் திரளத் தொடங்குகிறது. விஜயநகர காலத்துக்கு வந்தால் மொட்டு கீழ்நோக்கித் தொங்கி, பூமுனைப் போதிகையாகிவிடுகிறது. நாயக்கர் மண்டபங்களில் அது வாழைப்பூவேதான். இதழ் இதழாகச் செதுக்கி, முனை காற்றில் தொங்கும்.

போதிகை ஒன்றையே நம்பித் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. தரங்கப் போதிகை சோழர் கட்டடங்களிலும் உண்டு. ஒரே கோயிலில் கருவறை ஒரு காலம், முன்மண்டபம் அடுத்த காலம், சுற்றுமண்டபம் அதற்கும் பிந்தியது என்பது தமிழ்நாட்டில் சர்வசாதாரணம். அதனால் தூணைப் பார்த்த கண் அடுத்து தரைப்பக்கம் இறங்க வேண்டும்.

கருவறையின் சுவர் நேராக மண்ணிலிருந்து எழும்புவதில்லை. அதற்கு அதிட்டானம் என்ற மேடை உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் தட்டையாக உபானம். அதன்மேல் உயரமான நேர்முகத்தோடு ஜகதி. அதற்கும் மேலே புடைத்துக்கொண்டு குமுதம். பிறகு உள்வாங்கிய கழுத்தாகக் கண்டம். கடைசியில் விளிம்பு நீட்டிய பட்டிகை. குமுதம் பட்டை தீட்டி எட்டு முகத்தோடு இருந்தால் எண்பட்டைக் குமுதம், உருண்டையாக இருந்தால் உருள்குமுதம். கண்டமும் பட்டிகையும் கொண்ட எளிய அமைப்புக்குப் பாதபந்தம் என்று பெயர். அந்த இடத்தில் யாளிகள் வரிசையாகத் தலைநீட்டினால் அது பிரதிபந்தம். தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றிவரும்போது இடுப்புயரத்திலும் தலையுயரத்திலும் உருள்குமுதமும் யாளிவரியும் கூடவே வருவதைக் காணலாம். ராஜராஜனின் கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகளில் பெரும்பகுதி பொறிக்கப்பட்டிருப்பதும் இந்த அடிப்பகுதியில்தான். கணக்குவழக்கை எழுத இவ்வளவு நீளமான, வழவழப்பான கல் வேறெங்கே கிடைக்கும்!

சுவருக்கு மேலே கூரை தொடங்கும் இடத்துக்குப் பிரஸ்தரம் என்று பெயர். உத்திரம், வாஜனம், வலபி, கபோதம், பூமிதேசம் என்று அதில் ஒன்றன்மேல் ஒன்றாக வரிகள். வலபியில் பூதகணங்கள் கூத்தடிக்கும். சில கோயில்களில் அன்னங்கள் அணிவகுக்கும். இவற்றில் பலவும் கல்லுக்காகப் பிறந்த வடிவங்கள் அல்ல. மரத்தூண், மரஉத்திரம், ஓலைக்கூரை என்று கட்டிவந்த தச்சர்களின் வேலையைத்தான் கல்லில் அப்படியே எடுத்துச் செய்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் குடைவரை எடுத்த முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்வித்ததாகக் கல்வெட்டிலேயே பெருமைப்பட்டுக்கொள்கிறான். அதுவரை கோயில் எதனால் கட்டப்பட்டது என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் என்று சொல்லப்படுவது, வேய்ந்த குடிசை ஒன்றைப் பாறையில் செதுக்கிய வேலை.

மர நினைவு உச்சத்துக்குப் போனது கபோதத்தில். வெளியே நீண்டு வளைந்து மழைநீரை வழியவிடும் விளிம்பு அது, பேச்சுவழக்கில் கொடுங்கை. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் இந்தக் கொடுங்கையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். குறுக்குச் சட்டங்கள், அவற்றைத் தாண்டி ஓடும் மெல்லிய கம்பிகள், சட்டம் கூடுமிடத்தில் குமிழ் ஆணிகள் என எல்லாமே கல். ஆணிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் கல்தச்சன் ஆணியை விடவில்லை. அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி, தாரமங்கலம் தூண் ஆகியவை நீங்கலாக எதையும் செய்து தருகிறோம் என்று எழுதிக்கொடுப்பார்களாம். கதையாகவே இருக்கட்டும், அந்தக் கொடுங்கையைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

கொடுங்கையில் குதிரை லாட வடிவில் துருத்தும் வளைவுக்குக் கூடு என்று பெயர். பல்லவர் கூட்டின் உச்சி பெரும்பாலும் மண்வெட்டித் தலைபோலத் தட்டையாக இருக்கும். சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் வந்து உட்காரும்.

இன்னும் மேலே போனால் ஒரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. தஞ்சைக் கோயிலின் உயர்ந்த பகுதியைப் பலரும் கோபுரம் என்கிறார்கள். கருவறைமேல் எழுவது விமானம். வாயில்மேல் எழுவதுதான் கோபுரம். 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சை விமானம் ஏறக்குறைய 216 அடி, அடி முதல் முடி வரை கல். பிற்காலத்து உயரமான கோபுரங்களிலோ கீழ்த்தளம் மட்டும் கல், மேலே எல்லாம் செங்கல்லும் சுதையும். வாயிலின் மேல் பாரம் குறைய வேண்டுமே!

விமானத்தில் தளங்கள் முடிந்ததும் கழுத்தாகக் கிரீவம், தலையாகச் சிகரம், உச்சியில் ஸ்தூபி. சிகரம் சதுரமானால் நாகரம், எட்டுப்பட்டையானால் திராவிடம், வட்டமானால் வேசரம் என்பது தெற்கே ஸ்தபதிகள் பலரும் கொள்ளும் வழக்கு. நாகரம் என்றால் வடநாட்டுக் கோயில் என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் இங்கே திகைப்பார்கள். தஞ்சைச் சிகரம் எண்பட்டை. அது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதும் சுற்றுலா வழிகாட்டிகள் விடாமல் வளர்க்கும் கதைகள். சிகரம் பல கற்களைப் பொருத்திச் செய்தது. நிழல் தாராளமாக விழுகிறது.

பெயர் தெரிந்த கண்ணுக்கு ஊர்க்கோயில்களிலும் வேலை உண்டு. திருப்பணி நடக்கும்தோறும் பிராகாரத்தில் பழைய தளத்தின்மேலேயே புதுத்தளம் போட்டு உயர்த்திவிடுவது பல இடங்களில் வழக்கம். சுற்றிவரும்போது தரையை ஒட்டியே குமுதம் தொடங்கினால், ஜகதியும் உபானமும் சிமென்ட்டுக்கு அடியில் போய்விட்டன என்று பொருள். ஜகதியில் கல்வெட்டு இருந்திருந்தால் அதுவும் அங்கேதான் கிடக்கிறது.